ஆளுக்கொரு முடிச்சு

அந்தச் சிவப்புத் துணியைக் கொடி என்று எழுதியிருந்தார்கள். 'சான்றுப் பொருள் எண் பதினொன்று: சிவப்புக் கொடி, ஒன்று, முடிச்சிட்டது.' அரசு வழக்கறிஞரின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா, தலைகீழாகத் தெரிந்த அந்த வரியை மூன்று தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்காம் தடவையும் படித்தாள். அப்போதும் கொடி கொடியாகத்தான் இருந்தது.

அக்கா என்பது அவள் பெயரில்லை. ஆனால் துணைமின் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஷிப்ட் பார்க்கிறவளை, அவளைவிட வயதில் மூத்த லைன்மேன்களே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேலதிகாரி திட்டுவதானாலும் "என்னக்கா நீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். இந்த வயதுவரை நீதிமன்ற வாசற்படியை மிதித்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை நாளையோடு சரி.

அரசு வழக்கறிஞர் நாற்பதைத் தொடாத பெண். மேசையெல்லாம் கோப்பு. ஏசி சொட்டும் தண்ணீரைப் பிடிக்க மூலையில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். அது நிரம்பப் போகிறதே என்று அக்காவுக்கு ஒரு கண் அங்கேயே இருந்தது.

"அக்கா, நாளைக்கு உங்களுக்குப் பெரிய வேலை ஒண்ணும் இல்ல. கரண்ட் எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு. அவ்வளவுதான்."

"பத்து நாப்பதுக்குப் போச்சுங்க மேடம். சாயங்காலம் ஆறு இருபதுக்கு வந்துச்சு."

"ஏழு மணி நேரம் நாப்பது நிமிஷம். போதும். அப்புறம் இந்தக் கொடியைக் காட்டுவேன். கம்பத்துல இது கட்டியிருந்ததா உங்க ஆளுங்க போன்ல சொன்னாங்களான்னு கேட்பேன். ஆமான்னு சொல்லிட்டு இறங்கிடலாம்."

"அது கொடி இல்லீங்க."

"அதெல்லாம் காவல்துறை ஆய்வு பண்ணிட்டாங்க. தடை செஞ்ச ஒரு இயக்கம் சிவப்புத் துணியைத்தான் அடையாளமா விட்டுட்டுப் போகுது." அவர் கோப்பைத் திருப்பினார். "நீங்க அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

சட்டம் புதிது. மின்கம்பியை வெட்டுவதும் மின்மாற்றியைக் கொளுத்துவதும் அங்கங்கே பெருகிப்போகவே, போன வருஷம் அவசர அவசரமாகக் கொண்டுவந்தார்கள். மின் கட்டமைப்பைச் சேதப்படுத்தி ஓர் ஊரை ஆறு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் வைத்தால் அது பயங்கரவாதம். செய்தவன் மனசில் என்ன இருந்தது என்று தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஊரைப் பயமுறுத்தத்தான் செய்தான் என்று சட்டமே முடிவு கட்டிக்கொள்ளும். இருபது வருஷத்துக்குக் குறையாத சிறை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைந்தாலும் வெறும் சொத்துச் சேதம். மூன்று நான்கு வருஷத்தோடு போய்விடும். பட்டப்பகலில் நடந்தாலும் சட்டத்தில் இருட்டு என்றே இருந்தது. எழுதியவர்கள் வீட்டில் ஜன்னல் கிடையாது போலிருக்கிறது.

"என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு நினைக்காதீங்க," என்றார் வழக்கறிஞர், அக்கா கேட்காமலே. "அன்னைக்குப் பாதிக்கப்பட்ட பெரியவரைப் போய்ப் பார்த்தேன். மூச்சு விடறதுக்கு வீட்டுல மெஷின் வச்சிருக்காங்க. பேட்டரி சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தாக்குப்பிடிச்சிருக்கு. அப்புறம் அவர் முகம் நீலமாகி, பொண்ணு தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு மூணு மாடி இறங்கியிருக்கா. பிழைச்சுட்டார். ஆனா பேச்சு இன்னும் சரியா வரல. இதைச் செஞ்சவனை நான் சும்மா விடணுமா, நீங்களே சொல்லுங்க."

நாலு மணி என்றதும் அக்கா வாளியிலிருந்து கண்ணை எடுத்தாள். சும்மா விடக் கூடாதுதான் என்று தலையாட்டினாள். யாரை என்று சொல்லவில்லை.

முடிச்சின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் முன்பு, அடியில் இருக்கும் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்து மின்சாரத்தை நிறுத்துவார்கள். யாரும் தெரியாமல் ஏற்றிவிடக் கூடாதென்று கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். அக்காவின் நிலையத்து லைன்மேன்கள் ஏழு பேர், அதோடு தங்கள் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார்கள். ஏறுகிற ஒவ்வொருவனும் அந்தத் துணியில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். இறங்கியதும் தன் முடிச்சைத் தானே அவிழ்க்க வேண்டும். அடுத்தவன் முடிச்சைத் தொடவே கூடாது. கூடப்பிறந்தவனாக இருந்தாலும் கூடாது. எல்லா முடிச்சும் போன பிறகு நிலையத்துக்குப் போன் வரும். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "முடிச்சு இருக்கா?" இல்லக்கா என்று பதில் வந்தால்தான் லைனைப் போடுவாள். துணியும் அக்கா வீட்டுச் சரக்குதான். அவள் புருஷன் தையல்காரர். பாவாடை வெட்டியதில் மிஞ்சும் சிவப்புத் துண்டுகளைச் சேர்த்துவைத்துக் கொடுத்தனுப்புவார்.

ஏழு பேரில் ஒருவனுக்குப் பாட்டுக்காரன் என்று பெயர். பாட்டு வராது, ஆனால் விடமாட்டான். கம்ப உச்சியில் உட்கார்ந்து அவன் இழுக்கிற இழுப்புக்குத் தெருநாய்கள் எழுந்து போகும். அவனுக்கு ஜோடி, ஒட்டடைக்குச்சி. ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் எலும்பு மட்டும். அவன் கையை நீட்டினால் கூரையைத் துடைக்கலாம் என்று யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் பத்து வருஷம் ஒரே துணியில் முடிச்சுப் போட்டவர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. வேலை நடந்தால் அக்காவின் திரையில் சிவப்பு, முடிந்தால் பச்சை. ஒருநாள் காலையில் பச்சை வந்தது. செல்போனில் 'வேலை முடிந்தது' என்று வேறு கம்பத்துக்கு அழுத்த வேண்டியதைப் புதிதாக வந்த ஒப்பந்த ஆள் ஒருவன் இந்தக் கம்பத்துக்கு அழுத்திவிட்டான். அதிலும் பச்சையைப் பார்த்துவிட்டு, கைப்பிடியில் தொங்கியது ஏதோ அழுக்குத் துணி என்று அவிழ்த்தெறிந்து, கைப்பிடியைத் தூக்கினான். நிலையத்தில் லைனை இயக்கும் பிரேக்கரைப் போட்டது அக்காவின் கை. முடிச்சு இருக்கா என்று கேட்கும் பழக்கத்தை அப்போதுதான் ஒரு மாதமாக விட்டிருந்தாள். பாட்டுக்காரன் பாதிப் பாட்டில் போய்ச் சேர்ந்தான்.

விசாரணை நடந்தது. முடிவில் தடை செய்யப்பட்டது எது தெரியுமா? துணி. 'அங்கீகரிக்கப்படாத நடைமுறைகள் குழப்பத்துக்கு இடமளிப்பதால்' இனி யாரும் துணி கட்டக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதைக் கையில் கசக்கிக்கொண்டு மேலதிகாரி அறைக்குள் போன ஒட்டடைக்குச்சி, அவருடைய கண்ணாடி மேசையைத் தூள்தூளாக்கிவிட்டு வந்தான். வேலை போயிற்று. பாட்டுக்காரன் வீட்டு வாசலில் அவன் அக்காவிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேக்கா." அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால்கூட அந்தப் பக்கம் போய்விடுவான்.

இந்த வழக்கில் அவன் கைதானபோது வீட்டுக் கொட்டகையில் மூன்று ஜம்பர்கள் கிடைத்தன; ஜம்பர் என்றால் ஒரு கம்பியையும் மறு கம்பியையும் இணைக்கும் துண்டு. செல்போனில், 'இந்த ஊரே ஒருநாள் கரண்ட் இல்லாம உக்காரட்டும், அப்பதான் புத்தி வரும்' என்று யாருக்கோ அனுப்பிய செய்தி கிடைத்தது. அவன்தான் செய்தான் என்பதில் அக்காவுக்குக்கூட சந்தேகம் இல்லை. கைதான நாளிலிருந்து எட்டு மாதமாக அவன் வாயைத் திறக்கவில்லை. போலீஸிடமும் இல்லை, தன் வக்கீலிடமும் இல்லை.

இனி அந்த நாளுக்கு வருவோம். பத்து நாற்பதுக்கு, ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்றாம் நம்பர் பீடரின் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. அக்கா மூன்று பேரை அனுப்பினாள். பதினொன்றரைக்கு அவர்கள் போன் செய்தார்கள். லைன் பிரிகிற கம்பத்தில் கைப்பிடி கீழே இழுக்கப்பட்டிருக்கிறது, யாருடையதோ ஒரு பூட்டும் தொங்குகிறது, மேலே மூன்று ஜம்பரையும் காணோம். பூட்டை உடைத்து, புது ஜம்பர் போட்டு முடிக்க ஒன்று பத்து ஆயிற்று.

"முடிஞ்சுதுக்கா. ஆனா..." என்றான் போனில் பேசியவன்.

"என்னடா ஆனா?"

"கைப்பிடியில துணி கட்டியிருக்குக்கா, தூக்கப் போகும்போதுதான் பாத்தோம். நம்ம துணி. முடிச்சு ஒண்ணு இருக்கு."

"யாரோடது?"

"தெரியல. நாங்க மூணு பேரும் கீழதான் நிக்கிறோம்."

சுற்றறிக்கை வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் துணிக்கு இப்போது எந்த மதிப்பும் இல்லை. திரையில் பச்சை இருந்தது. பக்கத்துப் போனில் மேலதிகாரி, "போடுங்கக்கா, ஊரே கத்துது" என்று கத்தினார். அக்காவின் கை பிரேக்கரின் அருகில்தான் இருந்தது. அது நகர மறுத்தது.

அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவர்கள் ஆறு பேர்தான் உயிரோடு இருந்தார்கள். மூன்று பேர் கம்பத்தடியில். வேறு இரண்டு பேருக்குப் போன் செய்தாள். ஒருவன் வீட்டில், ஒருவன் பல் டாக்டரிடம். ஆறாவது போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அது ஒட்டடைக்குச்சியின் எண். வேலை போனவன், ஜோடியை இழந்தவன், ஜம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு எந்தக் கம்பத்தில் ஏறி என்ன செய்துகொள்ளப் போகிறானோ என்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "லைன்ல ஆள் இருக்கு. ஒவ்வொரு கம்பமா நடந்து பாருங்க," என்றாள். முக்கிய லைனும் கிளைகளுமாக முப்பது கிலோமீட்டர் இருக்கும். அந்த இரண்டு பேரும் வந்து சேர, ஐந்து பேரும் பிரிந்து நடந்தார்கள். மேலதிகாரி எட்டுத் தடவை கூப்பிட்டார். எட்டுத் தடவையும் "சோதனை முடியலைங்க" என்றாள். கடைசிக் கம்பம்வரை பார்த்தாயிற்று, யாரும் இல்லை என்று தெரிந்தபோது மணி ஆறு இருபது.

மறுநாள் மேலதிகாரி மெதுவாக வந்து உட்கார்ந்தார். "தடை பண்ணின துணிக்காக அஞ்சு மணி நேரம் ஊரை நிறுத்தி வச்சோம்னு எழுதினா, உங்களுக்கும் கெட்ட பேரு, எனக்கும் கெட்ட பேரு. சேத்து எழுதிடுங்கக்கா." அக்கா சேர்த்தே எழுதினாள். 'பழுது நீக்கமும் லைன் சோதனையும், 11.30 முதல் 18.20 வரை.' ஒரு வரிகூடப் பொய் இல்லை. பூசி மெழுகுவதற்குப் பொய் எதற்கு? அப்போது அது யார் தலையிலும் விடியும் என்று அவள் நினைக்கவில்லை. ஆறு மணி நேரச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே அதற்குப் பிறகுதான்.

வழக்கறிஞர் அறையிலிருந்து வீடு திரும்பியபோது புருஷன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவளைப் பார்த்தார்.

"என்ன, மூஞ்சியில ஈயாடல?"

"என்னங்க, அந்தத் துணியைக் கொடிங்கறாங்க."

"எந்தத் துணியை?"

"நீங்க வெட்டிக் குடுத்ததை. தடை செஞ்ச இயக்கத்தோட கொடியாம்."

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "போச்சுடா. கொடி தச்சுக் குடுத்தவன்னு என்னையும் உள்ள தள்ளப் போறாங்க. ஓரம்கூட அடிக்காத கொடியா? பாக்கறவன் என் தொழிலைப் பத்தி என்ன நினைப்பான்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்று பத்திலிருந்து ஆறு இருபதுவரை நடந்ததை அவள் அவரிடமும் அதுவரை சொன்னதில்லை. 

"ஆக, அவன் நிறுத்தினது ரெண்டரை மணி நேரம். மிச்சம் உன்னோடது."

"ஆமா."

"சொன்னா உனக்கு என்ன ஆகும்?"

"வேலை போகலாம். மறைச்சேன்னு கேஸ் போடலாம். அந்தப் பெரியவருக்கு ஆனதுகூட என் நேரத்துலதாங்க. நாலு மணிக்கு."

"சொல்லலைன்னா?"

"அவனுக்கு இருபது வருஷம். வெளிய வரும்போது அறுபது தாண்டிடும்."

அவர் மெஷின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "நான் என்ன சொல்றது? சொல்லுன்னு சொன்னா, உன் வேலையை நான் கெடுத்த மாதிரி. வேண்டாம்னு சொன்னா, நாளைக்கு என் மூஞ்சியில நீ முழிக்க மாட்டே." எண்ணெய்க் குப்பியை மூடினார். "அன்னைக்கு ஏன் போடல நீ? அத்தனை பேர் கத்தினாங்களே."

"முடிச்சு இருந்துச்சு."

"இப்பவும் இருக்குதானே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் அவளுக்கு டீ போட்டார்.

நீதிமன்ற அறை அக்கா நினைத்ததைவிடச் சின்னது. மின்விசிறி ஒன்று கடகடத்தது. பேரிங் போய்விட்டது என்று உள்ளே நுழையும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் வரிசையில் பெரியவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். கூண்டில் ஒட்டடைக்குச்சி, முன்பைவிடவும் மெலிந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா வந்ததை அவன் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மின்சாரம் எத்தனை மணிக்குத் துண்டிக்கப்பட்டது?"

"பத்து நாப்பதுங்க."

"திரும்ப எத்தனை மணிக்கு வந்தது?"

"ஆறு இருபதுக்கு." அக்கா சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு பத்துக்கே வந்திருக்கணும்."

வழக்கறிஞரின் பேனா நின்றது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"கேட்டதுக்குத்தாங்க சொல்றேன். ஏன் ஆறு இருபதாச்சுன்னு சொல்லணும்ல?"

நீதிபதி வழுக்கைத் தலையர். அதுவரை தூங்குகிறாரோ என்று தோன்றும்படி இருந்தார். அவர் நிமிர்ந்தார். "சொல்லட்டும்."

அக்கா சொன்னாள். உறைக்குள் இருந்த துணியைக் காட்டி, அது கொடியில்லை என்றாள். முடிச்சு என்றால் என்ன என்று நீதிபதிக்கு விளங்கவில்லை. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். எழுத்தரின் மேசையில் கோப்பு கட்டுகிற சிவப்பு நாடா கிடந்தது. அதை வாங்கிச் சாட்சிக் கூண்டின் கட்டையில் கட்டினாள்.

"இப்ப ஐயா மேல ஏறுறீங்கன்னு வைங்க. இந்தா, இது உங்க முடிச்சு. மேடம் ஏறுறாங்க. இது அவங்களோடது. நீங்க ரெண்டு பேரும் இறங்கி, உங்க முடிச்சை நீங்க அவிழ்த்தாத்தான் நான் கரண்ட் விடுவேன். மேடம் மட்டும் வந்து, ஐயா எங்கயோ போயிட்டாரு, நானே அவிழ்த்துடறேன்னு சொன்னா விட மாட்டேன். ஏன்னா நீங்க மேலயே இருக்கலாம்."

அறையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. நாடாவில் இருந்த தன் முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க ஏன் இதைப் பதிவேட்டுல எழுதல?"

"பயமா இருந்துச்சுங்க. துணி கட்டக் கூடாதுன்னு உத்தரவு. நான் அதை மதிச்சு ஊரை நிறுத்தி வச்சேன்னு எழுதக் கை வரல. தப்புதான்."

வழக்கறிஞர் விடவில்லை. விடாதது அவர் வேலை. "அவன் ஜம்பரைக் கழட்டாம இருந்திருந்தா நீங்க யாரையும் தேடியிருக்கவே வேண்டாம். அப்ப ஏழே முக்கால் மணி நேரமும் அவனாலதானே?"

"இருக்கலாங்க. அதை ஐயாதான் முடிவு பண்ணணும். நான் சொல்றது இவ்வளவுதான். ஒண்ணு பத்துக்குப் போட்டிருக்கலாம். போட வேண்டாம்னு முடிவெடுத்தது நான். அவன் இல்ல."

"தன் உயிருக்குப் பயந்து கட்டின துணிதானே? இதுல ஊர்மேல என்ன அக்கறை வந்துச்சு?"

"ஊர்மேல அக்கறைன்னு நான் சொல்லலீங்களே. திருட்டுத்தனமா ஏறும்போதும் கை அதுபாட்டுக்கு முடிச்சுப் போட்டிருக்கு. இறங்கினவன் அவிழ்க்காம போயிட்டான். அதை நான் அவிழ்க்க முடியாது. ஒருத்தன் விஷயத்துல கேட்காம போட்டுட்டேன், மேடம். இன்னொரு தடவை அப்படிப் போட என்னால ஆகாது."  தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

அப்போது குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒரு குரல் வந்தது. எட்டு மாதமாகப் பேசாத தொண்டை, துருப்பிடித்த கீல் மாதிரி கரகரத்தது.

"அக்கா."

அவனுடைய வக்கீல் பதறி எழுந்து, பேசாதே என்று கையை ஆட்டினார். அவன் அவரைப் பார்க்கவே இல்லை.

"போட்டுடுவீங்கன்னுதான் நெனச்சேன். அஞ்சு மணி நேரமும் என்னையா தேடினீங்க?"

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடம் மறந்தது, நீதிபதி மறந்தது. "உன்னைத்தான்டா! வேற எவன் போனை அணைச்சு வச்சுட்டுப் போனான்?"

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒட்டடைக்குச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நீண்ட விரல்கள் அவனுக்கு. முகம் முழுவதும் மறைந்துவிட்டது. தோள் மட்டும் குலுங்கியது. அரசு வழக்கறிஞர் ஏதோ கேட்க வாயெடுத்து, தாளைப் புரட்டி, "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வராந்தாவில் பெரியவரின் மகள் அக்காவை மறித்தாள். அக்கா நின்றாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றாள்.

"அவனைத்தான் இத்தனை நாளா சபிச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் அந்தப் பெண். குரலை உயர்த்தவில்லை. "ஆளைத் தேடினது சரிதான். அது எனக்குப் புரியுது. ஆனா இன்னும் நாலஞ்சு மணி நேரம் கரண்ட் வராதுன்னு உங்களுக்கு மட்டும் தெரியும். இப்ப வரும் இப்ப வரும்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே."

இதே சொல்லைப் பாட்டுக்காரன் வீட்டு வாசலில் அவள் கேட்டிருக்கிறாள்.  "சொல்லியிருக்கலாம்மா," என்றாள்.  அந்தப் பெண் படியிறங்கிப் போனாள்.

பயங்கரவாதப் பிரிவு நிற்கவில்லை. நீதிபதி அதை நீக்கிவிட்டுச் சொத்துச் சேதத்துக்கு மூன்று வருஷம் கொடுத்தார். எட்டு மாதம் கழித்துக்கொள்ளலாம் என்றார். தீர்ப்பின் அடுத்த வாரமே அக்காவுக்கு மெமோ வந்தது. சரிசெய்யப்பட்ட லைனை ஐந்து மணி பத்து நிமிஷம் இயக்காமல் வைத்திருந்ததற்கும் பதிவேட்டில் மறைத்ததற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாளில் விளக்கம் தரவும். பணி இடைநீக்கத்துக்கான உத்தரவும் அதோடு இணைத்திருந்தது.

சங்கத்துக்காரர்கள் மூன்று பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதிக் கொண்டுவந்தார்கள். அதில் இல்லாத விதி இல்லை. அக்கா நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு தையல் மெஷின் பலகையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தானே எழுதினாள்.

'ஐயா, அன்று ஒன்று பத்துக்கு லைனில் ஆள் இருப்பதாக முடிச்சு இருந்தது. அதனால் இயக்கவில்லை. ஆளைத் தேடினோம். கீழே வீடுகளில் காத்திருந்தவர்களுக்குப் போன் செய்து சொல்லாதது என் தவறு.'

புருஷன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.